காதும் தோல்தான்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மேஜைக்கும் தையல் பகுதிக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான். நாள் முழுவதும் ஓவர்லாக் மிஷின்களின் சத்தம். மின்சாரம் போனால் ஜெனரேட்டர். மதியம் மூன்று மணிக்கு மேல் எண்கள் எல்லாம் கலங்கிவிடும். வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் படுத்த பிறகுதான் எனக்குப் பேச்சே வரும். ஆட்டிசம் இருப்பதாக இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மருத்துவர் சொன்னார். சட்டைக் காலரில் தைத்திருக்கும் லேபிளைக்கூட என்னால் தாங்க முடியாது.

இதுவரை இரண்டு ஹெட்ஃபோன் வாங்கிவிட்டேன். முதலாவது, இரைச்சலை மின்னணு முறையில் நீக்கும் வகை. போட்ட பத்து நிமிடத்தில் காதுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருந்தது, குமட்டியது. இரண்டாவது ரெக்சின் திண்டு வைத்தது. காது மடல் எரிந்தது. அதன் வாடையும் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டு இல்லாமல் என்னால் இருக்க முடியாது, அதிலும் நாகஸ்வரமும் வயலினும். பின்பக்கம் மூடிய வகையை வாங்கு என்கிறார் நண்பர். எதை வாங்குவது? மூக்குக்கண்ணாடி அணிகிறேன்.
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்தச் சட்டை லேபிளில் வந்து நின்றுவிட்டேன். உங்களுக்கான பதில் அங்கேதான் தொடங்குகிறது.

ஹெட்ஃபோன் வாங்கப் போகிறவர்கள் அது எப்படிப் பாடும் என்று கேட்கிறார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, அது எப்படித் தொடும் என்பது. காதைச் சுற்றி ஒரு வளையம், உச்சந்தலையில் ஒரு பட்டை, கன்னத்தில் உரசும் வயர்: இவ்வளவும் மணிக்கணக்கில் உங்கள் தோல் மீது இருக்கப் போகின்றன. லேபிளைத் தாங்காத உடம்பு இவற்றை மட்டும் எப்படித் தாங்கும்? உங்கள் முதல் இரண்டு ஹெட்ஃபோன்களும் தோற்றது ஒலியில் இல்லை. ஒன்று அழுத்தத்தில் தோற்றது, மற்றொன்று தோலிலும் வாடையிலும் தோற்றது. உடம்பு சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அதை முழுவதுமாக நம்புங்கள்.

இதை நான் வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. சென்னையில் டப்பிங் தியேட்டர்களில் 24 ஆண்டுகள் ஒலிப்பதிவு வேலை பார்த்தவள் நான். அங்கே குரல் கொடுப்பவர்கள் அணிவதெல்லாம் பின்பக்கம் மூடிய ஹெட்ஃபோன்தான். இல்லாவிட்டால் காதில் ஓடும் வசனம் வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும். அந்த அனுபவத்தை நம்பி, என் அக்கா மகனுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, நானே போய் ஒன்றை வாங்கி வந்தேன். தொழிலில் எல்லோரும் மதிக்கும் மாடல், அத்தனை தெளிவு. அவன் நான்கு நிமிடம் கேட்டான். பிறகு கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, "சித்தி, பாட்டுக்குள்ளே ஊசி இருக்கிறது" என்றான். நான் நம்பவில்லை. பழகிவிடும் என்று சொல்லி மறுபடியும் போட வைத்தேன். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. அவனுக்கு இப்போது 21 வயது. அந்த இரவை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

அவன் சொன்ன ஊசி உண்மையிலேயே இருந்தது. பாட்டில் வரும் 'ஸ', 'ஷ' ஓசைகள், ஜால்ராவின் சிலிர்ப்பு, வயலின் வில் நரம்பில் உராயும் கரகரப்பு ஆகியவற்றின் கூர்மை ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸிலிருந்து 10,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. ஹெர்ட்ஸ் என்பது ஒலி ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு. ஸ்டுடியோவுக்கென்று செய்யப்படும் பல ஹெட்ஃபோன்களில் இந்தப் பகுதி சற்றுத் தூக்கலாக இருக்கும். பதிவில் உள்ள சின்னப் பிழைகளும் காதில் பட வேண்டும் என்பதற்காக எங்களுக்கு அது தேவை. உங்களுக்கும் என் அக்கா மகனுக்கும் அது வலி. ஆகவே "தெளிவு அபாரம், ஒவ்வொரு நுணுக்கமும் கேட்கும்" என்று ஒரு ஹெட்ஃபோனைப் பற்றி யாராவது புகழ்ந்தால் நீங்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். "மந்தமாக இருக்கிறது, கூர்மை போதவில்லை" என்று யாராவது குறை சொன்னால், அதை ஒருமுறை காதில் வைத்துப் பாருங்கள்.

இனி சத்தத்துக்கு வருவோம். உங்கள் அலுவலகத்தில் இருப்பது இரண்டு வகையான சத்தம். ஓவர்லாக் மிஷினின் கீச்சலும் சடசடப்பும் மேல் ஸ்தாயி. ஜெனரேட்டரின் உறுமல் கீழ் ஸ்தாயி. பின்பக்கம் மூடிய ஹெட்ஃபோன் என்பது காதின் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்ப்பதுதான். கிண்ணம் மேல் ஸ்தாயி ஒலியை நன்றாகத் தடுக்கும். மிஷின், குக்கர் விசில், பாத்திரம் உருளும் ஓசை எல்லாம் தூரத்துக்குப் போய்விடும். ஆனால் உறுமல் கிண்ணத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். மின்னணு முறை இதற்கு நேர் எதிர்: ஒரே சீரான உறுமலை அது அழகாக அழிக்கும், கீச்சலும் பேச்சும் அதனிடமிருந்து தப்பிவிடும். மிஷின் நாள் முழுவதும் ஓடுகிறது, ஜெனரேட்டர் மின்சாரம் போகும் நேரத்தில் மட்டும் ஓடுகிறது என்பதால் உங்கள் நண்பர் சொன்னது சரி.

அந்தக் கட்டைவிரல் அழுத்தம் உங்கள் கற்பனை இல்லை; பலருக்கும் அது நேர்கிறது. காதுக்குள் காற்றழுத்தம் உண்மையில் மாறுவதில்லை. கீழ் ஸ்தாயி ஒலி மட்டும் திடீரென்று மறைந்துவிடும்போது, மலை ஏறும்போதும் விமானத்திலும் காது அடைக்கும் அந்த நிலை என்று மூளை அதை எடுத்துக்கொள்கிறது என்பது விளக்கம். காரணம் எதுவானாலும் குமட்டல் குமட்டல்தான். அந்த வகைக்குத் திரும்பிப் போக வேண்டாம். வயர் உள்ளதையே வாங்குங்கள். புளூடூத் ஹெட்ஃபோன்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: அமைதியான ஆலாபனைக்கு நடுவே, சார்ஜ் குறைந்துவிட்டது என்று உரத்த குரலில் ஓர் அறிவிப்பு வரும். உங்களைப் போன்ற ஒருவருக்கு அந்த ஒரு நொடி அரை நாளைக் கெடுத்துவிடும்.

மாடல் பெயர் கேட்டீர்கள். நான் உங்களை முதலில் போட்டுப் பார்க்கச் சொல்வது பேயர்டைனமிக் டிடி 770 புரோ, 80 ஓம் பதிப்பு. ஓம் என்பது மின்தடையின் அளவு; அது கூடக் கூட ஹெட்ஃபோனை ஒலிக்க வைக்க அதிக வலு வேண்டும். 1924-இல் தொடங்கிய ஜெர்மன் நிறுவனம் அது. எடை வயர் இல்லாமல் சுமார் 270 கிராம். காதுத் திண்டு ரெக்சின் இல்லை; வெலூர் எனப்படும், வெல்வெட் போன்ற துணி. திண்டு வட்டமாக, அகலமாக இருப்பதால் பெரும்பாலானவர்களின் காது மடல் முழுவதும் உள்ளே அடங்கும். வெளிச் சத்தத்தை ஏறக்குறைய 18 டெசிபல் குறைக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. உதிரித் திண்டு தனியாகக் கிடைக்கும். அதே மாடலில் 32 ஓம் பதிப்பு ரெக்சின் போன்ற திண்டோடு வருகிறது. உங்களுக்கு அது வேண்டாம். 250 ஓம் பதிப்புக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் இருந்தால் நல்லது, அதுவும் வேண்டாம். 80 ஓம் செல்பேசியிலேயே போதிய அளவு ஒலிக்கும். உங்கள் பேசியில் ஹெட்ஃபோன் செருகும் வட்டத் துளை இல்லையென்றால் டைப்-சி இணைப்பான் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வயர் 3 மீட்டர் நீளம், கழற்ற முடியாது. அதைச் சுருட்டி ஒரு துணிப் பட்டையால் கட்டி மேஜையில் வைத்துவிடுங்கள். மடியில் கிடந்தால் உரசும், உரசினால் அந்த ஓசை காதுக்கு ஏறும்.

இதன் குறையை மறைக்க மாட்டேன். நான் மேலே சொன்ன ஊசி இந்த மாடலிலும் உண்டு, 8,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. பிறகு ஏன் சொல்கிறேன் என்றால், ஊசியை எடுத்துவிடலாம். தோல் எரிச்சலை எடுக்க முடியாது. பத்துப் பட்டை ஈக்குவலைசர், அதாவது ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி, உள்ள பாட்டுச் செயலி எதையாவது பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 8 கிலோஹெர்ட்ஸ் (8,000 ஹெர்ட்ஸ்) என்று குறித்த பட்டையை 5 டெசிபல் கீழே இறக்குங்கள். நாகஸ்வரம் கேட்கும்போது 4 கிலோஹெர்ட்ஸ் பட்டையையும் 2 டெசிபல் இறக்கிப் பாருங்கள். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000-க்கும் 5,000-க்கும் இடைப்பட்ட அந்தப் பகுதியைத்தான், நாகஸ்வரத்தின் வீரியமும் அங்கேதான் குவிகிறது. நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியின் உயிர் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். என் அக்கா மகன் இப்படித்தான் இரண்டு மணி நேரக் கச்சேரியை முழுவதும் உட்கார்ந்து கேட்கிறான்.

வெலூர் துணி உங்கள் தோலுக்கு ஆகுமா என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம். ஊரில் துணிக்குப் பஞ்சமில்லை. ஒரு முழம் வெல்வெட் வாங்கி, துவைக்காமல், மடித்துக் காதின் பின்புறமும் பொட்டிலும் படும்படி ஒரு தலைப்பாகைத் துணியால் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். அரிப்பும் கூச்சமும் வந்தால் இந்த மாடலை மறந்துவிடுங்கள். அப்போது மெல்லிய ஆட்டுத்தோல் திண்டு உள்ளவற்றைத் தேட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்ஹைசர் எச்டி 280 புரோ 32 டெசிபல் வரை தடுக்கும் என்கிறார்கள்; சத்தத்தை மட்டும் பார்த்தால் அதுதான் சிறந்தது. ஆனால் தலையை இறுக்கிப் பிடிக்கும், கண்ணாடிக் காம்பு பொட்டில் அழுந்தும். ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் எல்லாக் கடைகளிலும் கண்ணில் படும். திண்டின் உட்குழி சிறியது. பெரிய காது மடல் உள்ளே முட்டும். சோனி எம்டிஆர்-7506 வெறும் 230 கிராம்தான், 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. உங்களுக்குச் சொல்ல மாட்டேன்: சுருள் வயர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும், திண்டும் மெலிது.

கடைக்குப் போகும்போது வாரநாளில் காலை பதினொரு மணிக்குப் போங்கள். கூட்டமும் இருக்காது, எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் அலறவும் செய்யாது. விற்பனையாளர் உடனே அதிரடிப் பாட்டு ஒன்றைப் போட்டுக்காட்ட வருவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதல் இருபது நிமிடம் எந்தப் பாட்டும் இல்லாமல் வெறுமனே அணிந்து உட்காருங்கள். தாடையை அசையுங்கள், எச்சில் விழுங்குங்கள், குனிந்து கணக்கு எழுதுவது போலச் செய்யுங்கள். மூடிய கிண்ணத்துக்குள் நம் மெல்லும் ஓசையும் காலடி அதிர்வும் பெரிதாகக் கேட்கும். சிலரால் அதைத் தாங்க முடியாது. காது மடலின் எந்த முனையும் உள்ளே எதையும் தொடக்கூடாது. தொட்டால் முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது, நாற்பதாவது நிமிடம் எரியும். இவ்வளவுக்கும் பிறகு உங்கள் பேசியில், உங்களுக்கு மனப்பாடமான ஒரே ஒரு பாட்டைப் போடுங்கள். திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். அட்டைப் பெட்டியைப் பத்திரப்படுத்துங்கள்.

வாங்கியதும் இரண்டு மூன்று நாள் பெட்டிக்கு வெளியே, நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். புது வாடை பெரும்பாலும் போய்விடும். வெயிலில் வைக்காதீர்கள். இறுக்கமாக இருந்தால், உங்கள் தலையைவிடச் சற்றே அகலமான புத்தக அடுக்கின் மேல் இரவு முழுவதும் மாட்டி வையுங்கள். தலைப்பட்டை எஃகு என்பதால் மெல்ல மெல்ல இளகும். அவசரப்பட்டுக் கையால் விரிக்காதீர்கள். கண்ணாடிக்கு மெலிந்த காம்பாக மாற்றிக்கொள்ளுங்கள். தடித்த காம்பு திண்டுக்கும் தோலுக்கும் நடுவே சந்து விடும். அந்தச் சந்து வழியாகத்தான் மிஷின் சத்தம் நுழையும்.

ஒலி அளவைப் பற்றி ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை. குழந்தைகளுக்கும் ஒலியால் எளிதில் பாதிக்கப்படுவோருக்கும் அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூட்டும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். மிஷின் சத்தத்தை அமுக்குவதற்காகப் பாட்டைக் கூட்டினால் இந்தக் கணக்கு வேகமாகக் கரைந்துவிடும். கிண்ணம் தன் வேலையைச் செய்யட்டும். பாட்டை மெல்ல வையுங்கள்; பல நேரங்களில் பாட்டே இல்லாமல் வெறும் கிண்ணமாக அணியுங்கள். மூன்று மணி நெருக்கடிக்கு, தொழிற்சாலைகளில் அணியும் காது மூடி ஒன்றைத் தனியாக மேஜையில் வைத்துக்கொள்ளலாம். 3எம் பெல்டார் எக்ஸ்5ஏ-வின் மதிப்பீடு 31 டெசிபல். அது ஆய்வக அளவு. அணியும்போது குறைவாகத்தான் கிடைக்கும், என்றாலும் பெரிய நிம்மதி.

ஆனால் காலை முதல் இரவு வரை மூடியே வைக்காதீர்கள். நல்ல காதுள்ளவர்களை இரண்டு வாரம் ஏறக்குறைய நாள் முழுவதும் காதடைப்பான் அணிய வைத்துச் சோதித்திருக்கிறார்கள். கழற்றிய பிறகு முன்பு சாதாரணமாகத் தோன்றிய ஓசைகளே அவர்களுக்கு அதிகச் சத்தமாகத் தோன்றின. ஒலி குறைந்தால் செவிப்புலன் தன் கூர்மையைத் தானே கூட்டிக்கொள்கிறது. வீட்டில், உங்களுக்கு இதமான ஓசைகளோடு, காதைத் திறந்து வைத்திருக்கும் நேரம் தினமும் இருக்கட்டும். சாலையில் நடக்கும்போதும் தண்டவாளத்தைக் கடக்கும்போதும் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

அலுவலகத்தில் அணிய அனுமதிப்பார்களா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாக இயங்க, அவருக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்துகொடுப்பது என்ற கருத்து அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. மேலாளரிடம் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: எந்த நேரத்தில் அணிவேன், கூப்பிட வேண்டுமானால் மேஜையின் ஓரத்தை இரண்டு முறை தட்டுங்கள், பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். அந்த மூன்றாவது விஷயத்தை மறக்காமல் எழுதுங்கள், தம்பி.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறாள். அடுத்த மாதம் என் தம்பிக்குக் கல்யாணம். நல்ல ஹெட்ஃபோன் ஒன்று சொல்லுங்கள்.
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அம்மா, குழந்தைக்கு இப்போது தேவை ஹெட்ஃபோன் இல்லை. குழந்தைகளின் அளவில் செய்த காது மூடி. வயரும் இல்லை, பாட்டும் இல்லை, விலையும் குறைவு. பெரியவர்களுக்கானதை வாங்கிப் பட்டையைச் சுருக்கிப் போடாதீர்கள். கன்னத்தோடு படியாமல் சத்தம் உள்ளே வந்துவிடும்.

இன்றே வாங்கி, விளையாட்டுப் பொருள்களோடு போட்டு வையுங்கள். அவளே எடுக்கட்டும், பொம்மைக்கு மாட்டட்டும், கழற்றட்டும். முதல் தடவையே மண்டபத்தில் வைத்து மாட்டினால், மேளத்தோடு இதுவும் சேர்ந்து இன்னொரு பயமாகிவிடும். எப்போது வேண்டுமானாலும் கழற்றும் உரிமை அவளுக்கு இருக்க வேண்டும். கெட்டிமேளம் எப்போது வரும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது; அந்தத் திடீர்தான் அவளை உலுக்குகிறது. ஐயர் கையை உயர்த்தும் முன்பு ஒருவர் அவளை மேடையிலிருந்து தள்ளி, சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் அழைத்துப் போகட்டும். தாலி கட்டுவதை அவள் பார்க்க வேண்டும் என்று பாட்டி வருத்தப்படலாம். வாசலில் நின்று பார்த்தாலும் தெரியும் என்று பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் ஆறு ஆண்டு பழைய மூடிய ஹெட்ஃபோன் இருக்கிறது. ஒலியில் குறையில்லை. ஆனால் திண்டிலிருந்து கறுப்புச் செதில் உதிர்ந்து காதிலும் கழுத்திலும் ஒட்டுகிறது. அருவருப்பாக இருப்பதால் தொடவே மனமில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். உதிர்வது ரெக்சினின் மேல் பூச்சு மட்டும்தான். நம் ஊர் வியர்வையிலும் ஈரக் காற்றிலும் அது சில ஆண்டுகளில் உரிந்துவிடும். மாடல் பெயரைச் சொல்லி உதிரித் திண்டு கேட்டு வாங்குங்கள். பழையதை விளிம்பைப் பிடித்து மெல்ல உரித்து எடுங்கள். உங்களுக்கு அருவருப்பாக இருந்தால் வீட்டில் வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். கிண்ணத்தின் ஓரத்தை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு புதிய திண்டின் பின்பக்க விளிம்பை ஒரு பக்கத்தில் மாட்டிச் சுற்றி இழுத்து விடுங்கள். துணித் திண்டாக மாற்றினால் செதில் தொல்லை நிரந்தரமாகத் தீரும். ஆனால் கீழ் ஸ்தாயி சற்றுக் குறையும், வெளிச் சத்தமும் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வரும். துணித் திண்டு அழுக்கானால் கழற்றி, இளஞ்சூடான நீரில் மென்மையான சோப்புப் போட்டுக் கையால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். உள்ளே இருக்கும் பஞ்சு முழுவதும் காயும் வரை மாட்டாதீர்கள்.